ஸ்பைடர்கோ டெலிகா 4: தற்காப்புக்கென்று வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது

டெலிகா 4, ஸ்பைடர்கோ நிறுவனத்தின் மடக்குக்கத்தி. எடை 71 கிராம். மடித்தால் 108 மில்லிமீட்டர், விரித்தால் 182. பாக்கெட் ஓரத்தில் கிளிப்பை மாட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே மறந்துபோகும். டெலிகா 1990 முதல் விற்பனையில் இருக்கிறது. இப்போது கிடைப்பது நான்காம் தலைமுறை. நிறுவனம் அமெரிக்காவின் கொலராடோவில், கத்தி செய்யப்படுவது ஜப்பானின் செக்கி நகரில்.

இதை வாங்குகிறவர்கள் இரண்டு வகை. அட்டைப்பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் வாங்குகிறவர்கள் முதல் வகை. அவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: வாங்குங்கள், பல வருடம் உழைக்கும். "ஆபத்துக்கு உதவட்டும்" என்று வாங்குகிறவர்கள் இரண்டாவது வகை. இந்த விமர்சனம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அவர்களை ஈர்க்கும் மூன்று அம்சங்கள் ஒரு கையால் திறப்பது, திறந்தபின் பூட்டிக்கொள்வது, பாக்கெட் விளிம்பிலேயே தொங்குவது. இதே மூன்றும்தான் பல நாடுகளில் இந்தக் கத்தியைச் சட்டச் சிக்கலுக்குள் தள்ளுகின்றன.

முதலில் கத்தி. அலகு 74 மி.மீ. நீளம், அதில் கூரான வாய் 65 மி.மீ. மட்டுமே. கைப்பிடியை ஒட்டிய மிச்சப் பகுதி தீட்டப்படாத மொட்டை இரும்பு. முதுகின் தடிமன் 2.5 மி.மீ. எஃகு விஜி-10. ஒரு சதவீதம் அளவு கார்பன், 15 சதவீதம் அளவு குரோமியம், கொஞ்சம் கோபால்ட் சேர்ந்த ஜப்பானியக் கலவை இது. குரோமியம் இருப்பதால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தாலும் உடனே துருப்பிடிக்காது. பதமும் நன்றாக நிற்கும். மழுங்கினால் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் தீட்டினால் போதும். பல் வைத்த அலகை வாங்கியிருந்தால் தட்டையான சாணைக்கல் வேலைக்கு ஆகாது. முக்கோணத் தண்டின் முனையை ஒவ்வொரு பல்லுக்குள்ளும் விட்டு இழுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பல் இல்லாத வாயையே எடுக்கலாம்.

நுனிதான் பலவீனம். முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இழைத்திருக்கும் வகையில் நுனி மிக மெல்லியது. வெட்டும்போது அது வரம், நெம்பும்போது சாபம். பெயின்ட் டப்பா மூடியை இதன் நுனியால் கிளப்புகிறவர்கள் நுனியில்லாத கத்தியோடு திரும்புவார்கள். அதைக் கத்தியின் குறை என்று சொல்ல முடியாது.

கைப்பிடி நைலானில் கண்ணாடி நாரைக் கலந்து வார்த்தது. தொட்டால் மலிவான பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். ஆனால் மேற்பரப்பில் இரண்டு திசையிலும் சாய்ந்த சொரசொரப்பு இருப்பதால் ஈரக் கையிலும் நகராது. உள்ளே இருபக்கமும் எஃகுத் தகடு, எடை குறைக்க அதில் ஓட்டைகள். கிளிப்பை நான்கு இடங்களில் மாற்றி மாட்டலாம். இடதுகைக்காரர்களுக்கு இந்த விலைப்பிரிவில் இப்படி மதிப்புக் கொடுக்கும் கத்திகள் குறைவு.

திறப்பதற்கு அலகில் ஒரு வட்ட ஓட்டை. 1981-இல் வந்த இந்த நிறுவனத்தின் முதல் கத்தியிலிருந்தே தொடரும் அடையாளம் இது. கட்டைவிரல் சதை ஓட்டைக்குள் லேசாக அமுங்கும். அப்படியே அரைவட்டமாகத் தள்ளினால் பாதி தூரம் வரை ஸ்பிரிங் எதிர்க்கும், பிறகு விட்டுக்கொடுக்கும், கடைசியில் 'டக்' என்று கைப்பிடியின் முதுகில் இருக்கும் பூட்டு, அதாவது முதுகுப் பூட்டு, விழும். அந்தச் சத்தத்தைக் காது பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். சத்தம் மந்தமாகக் கேட்டால் பூட்டுக் குழியில் பஞ்சோ மணலோ அடைத்திருக்கிறது, பூட்டு முழுதாக உட்காரவில்லை என்று பொருள். இந்த வகைப் பூட்டு ஏமாற்றுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். பாக்கெட் பஞ்சு சாதாரணமாகத் தெரியும். வியர்வையோடும் எண்ணெயோடும் சேர்ந்தால் கெட்டிப்பட்டு அரை மில்லிமீட்டர் மேடாகிவிடும். பழைய பல்துலக்கியும் வெந்நீரும் சோப்பும் போதும். காயவைத்து, அலகு சுழலும் திருகாணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் அதுவே அடுத்த பஞ்சைப் பிடிக்கும்.

பூட்டியபின் அலகை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் முடி அளவு ஆட்டம் தெரியலாம். முதுகுப் பூட்டில் இது வழக்கம், பயப்பட வேண்டாம். பக்கவாட்டில் ஆடினால் மட்டும் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்க வேண்டும். இறுக்கும் விஷயத்தில் சட்டமும் உள்ளே நுழைகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூடும்போதுதான் விரல் வெட்டுப்படும். பூட்டை அமுக்கும் கையின் ஆள்காட்டி விரல் அலகு விழும் பாதையிலேயே இருக்கும். டெலிகாவில் முதலில் விரலில் படுவது தீட்டாத மொட்டைப் பகுதி என்பதால் தப்பிக்கலாம். ஆனால் அதை நம்பி ஒற்றைக் கையால் மூடப் பழகுவதைவிட இரண்டு கையால் மூடுவது நல்லது.

கிளிப் பற்றி ஒரு வார்த்தை. நுனி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டினால் எடுக்க வேகமாக இருக்கும். ஆனால் அலகின் முதுகு பாக்கெட்டின் பின்பக்கத் தையலை ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அலகு தற்செயலாக விரியப் பார்த்தாலும் தையல் தடுக்கும். பாக்கெட்டின் நடுவில் தொங்கவிட்டால் சாவிக்கொத்தோ கைபேசியோ ஓட்டையில் மாட்டி அலகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடலாம். கையை உள்ளே விடுகிறவருக்குத்தான் அடி.

இவ்வளவும் கருவி என்ற அளவில். இதுவரை மார்க் போட்டால் தாராளமாகப் போடலாம்.

ஆயுதம் என்று பார்த்தால் கதை வேறு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர், 21 அடி, அதாவது சுமார் 6.4 மீட்டர் தூரத்தை ஒரு சாதாரண ஆள் ஓடிக் கடக்க ஒன்றரை வினாடி போதும் என்பதை 1983-இல் எடுத்துக்காட்டினார். அது துப்பாக்கிக்காரர்களுக்காகச் செய்த கணக்கு. மடக்குக்கத்திக்கு இன்னும் மோசமாகப் பொருந்தும். கையைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், கிளிப்பிலிருந்து உருவ வேண்டும், பிடியை மாற்ற வேண்டும், கட்டைவிரல் ஓட்டையைத் தேட வேண்டும். பயத்தில் ரத்தம் விரல்களிலிருந்து வடிந்து பெரிய தசைகளுக்குப் போகும் நேரத்தில் முதலில் கெடுவது இந்த நுண்ணிய விரல் வேலைதான். அதற்குள் எதிராளி மேலே விழுந்திருப்பார்.

டெலிகாவில் கைக்காப்பு என்று ஒன்று இல்லை. பிடி வழுக்கினால் விரல்கள் நேராகத் தன் கத்தியின் வாய்க்கே போகும். 65 மி.மீ. வாய் ஓர் ஆவேசக்காரனை உடனே நிறுத்திவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. காயம் படும், ரத்தம் வரும், அவன் வந்துகொண்டேதான் இருப்பான். நீதிமன்றத்தில் மட்டும் அந்தக் காயம் பெரியதாகத் தெரியும்.

அப்படியானால் கையில் என்ன வைத்துக்கொள்வது? ஓடத் தோதான காலணி, ஒரு நல்ல டார்ச், கூச்சலிடும் சிறிய அலாரம். மிளகு ஸ்பிரேயையும் யோசிக்காமல் வாங்கிவிட முடியாது. இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் அது பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கனடாவிலும் மனிதர்மேல் பயன்படுத்த வைத்திருந்தால் தடை.

இனி சட்டம். கத்திச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் கேட்கும் கேள்விகள் நான்கே: அலகு எவ்வளவு நீளம், எப்படித் திறக்கிறது, திறந்தபின் பூட்டுகிறதா, எதற்காக வைத்திருக்கிறாய். வாங்குகிறவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கடைசிக் கேள்விதான் ஆளைச் சிறைக்கு அனுப்புவது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. வாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத மடக்குப் பேனாக்கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் வைத்திருக்கலாம். டெலிகாவின் வாய் 6.5 செ.மீ. தானே என்று சிலர் நிம்மதியடைவார்கள். அவசரப்பட வேண்டாம். 1993-இல் வந்த தீர்ப்புப்படி, பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வரும் 'மடக்குக்கத்தி' ஆகாது. எந்நேரமும் உடனே மடிக்க முடிந்தால்தான் அது மடக்குக்கத்தி. ஆக, டெலிகாவைப் பொது இடத்தில் வைத்திருக்க நியாயமான காரணம் காட்ட வேண்டும். பொதுவான தற்காப்பு அந்தக் காரணமாக எடுபடாது. அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

ஜெர்மனியில் ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு இன்னும் நேரடியானது. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி எந்த நீளமானாலும் நியாயமான தேவை இன்றிப் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. மடங்காத கத்தி என்றால் அலகு 12 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தொழில், விளையாட்டு போன்றவை தேவையாக ஏற்கப்படும், தற்காப்பு ஏற்கப்படாது. அபராதம் 10,000 யூரோ வரை போகலாம். டெலிகாவின் விற்பனைப் புள்ளிகள் இரண்டும், ஓட்டையும் பூட்டும், இங்கே குற்றப்பத்திரிகையின் இரண்டு வரிகளாகிவிடுகின்றன.

வேடிக்கை, இது பிறந்த ஜப்பான். அங்கே அலகு 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் காரணமின்றி எடுத்துச்செல்லக் கூடாது. மடக்குக்கத்திக்கு 8 செ.மீ. வரை ஒரு விலக்கு உண்டு, ஆனால் பூட்டு இருக்கக் கூடாது. செக்கி நகரத் தொழிற்சாலையிலிருந்து வரும் கத்தியைச் செக்கி நகரத் தெருவில் சும்மா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

கனடாவில் நீளம் பெரிய விஷயமில்லை. புவியீர்ப்பாலோ மணிக்கட்டை வீசும் வேகத்தாலோ தானாகத் திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். திருகாணியை இறுக்குவது பற்றிச் சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. புதுக் கத்தி முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் சுலபத்தில் வீசித் திறக்காது. 'வழவழன்னு திறக்கணும்' என்று திருகாணியைத் தளர்த்தி எண்ணெய் விட்டு, ஒரு வீச்சில் திறக்கும்படி ஆக்கிவிட்டால், கடையில் சட்டப்படி வாங்கிய கருவி வீட்டு மேசையிலேயே தடைப் பட்டியலுக்குள் போய்விடலாம். அதிகாரி சோதிப்பது உங்கள் கையில் இருக்கும் கத்தியை, கடைக் கண்ணாடிக்குள் இருப்பதை இல்லை.

அமெரிக்கா ஒரே நாடு, கத்திச் சட்டம் ஐம்பது விதம். 1958-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பட்டனை அமுக்கினால் தானே விரியும் பட்டன் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் வணிகம் செய்வதை முக்கியமாகத் தடுக்கிறது. டெலிகா அதில் வராது. கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குள் அலகு இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான பேனாக்கத்திக்கு மட்டுமே விலக்கு. இரண்டரை அங்குலம் என்பது 63.5 மி.மீ.; டெலிகா தாண்டிவிடும். நியூயார்க் மாநிலம் புவியீர்ப்புக் கத்தித் தடையை 2019-இல் நீக்கியது. ஆனால் நியூயார்க் நகர விதி 4 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள அலகைத் தடுப்பதோடு, எந்தக் கத்தியும் வெளியே தெரியும்படி இருக்கக் கூடாது என்கிறது. பாக்கெட் விளிம்பில் மின்னும் கிளிப்பே வம்பை இழுக்கும். கலிஃபோர்னியாவில் நேர் எதிர்: மடித்த கத்தியை மறைத்து வைக்கலாம், மடங்காத குத்துவாளை மறைத்தால் குற்றம்.

மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருட்கள், வெடிபொருட்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம். சட்டபூர்வமான காரணமின்றித் தாக்கும் ஆயுதத்தோடு பொது இடத்தில் பிடிபட்டால் சிறையோடு பிரம்படியும் உண்டு. காரணத்தை நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவர் பொறுப்பு.

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் ஆயுத விதிகள் 2016. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஐந்தாம் வகை ஆயுதங்களில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை விலக்கு. டெலிகா இந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் அங்கங்கே அறிவிக்கைகள் உண்டு. டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை பட்டன் கத்திகளையும், வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளையும் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் பிடிக்கிறது. டெலிகா 7.4 செ.மீ. இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்தில் தப்பிக்கிறது. இதே குடும்பத்தில் பெரிய அண்ணன் எண்டூரா, அலகு சுமார் 9.6 செ.மீ. 'கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லது' என்று அதற்குத் தாவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பூட்டு ஓர் 'இயந்திர அமைப்பா' என்று வாதாட வக்கீல் வைக்கும் செலவில் எத்தனையோ கத்தி வாங்கலாம்.

உரிமம் வேண்டாம் என்பதற்கும், குத்தினால் கேட்க மாட்டார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தனிமனிதத் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தவைதான். 37-ஆம் பிரிவு இரண்டு கடிவாளம் போடுகிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே கிடையாது. வெறுங்கையால் தள்ளியவனுக்குக் கத்தியால் பதில் சொன்னால் முதல் கடிவாளம் இறுகும். கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவதற்கு 118-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

சோதனையில் பை திறக்கப்படுகிறது. "இது எதுக்கு?" என்று காவலர் கேட்கிறார். "சும்மா, பாதுகாப்புக்குத்தான் சார்." பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ கனடாவிலோ இந்த மூன்று வார்த்தைகள் வாக்குமூலத்துக்குச் சமம். அதுவரை கருவியாக இருந்திருக்கக்கூடிய பொருளைச் சொந்த வாயாலேயே ஆயுதம் என்று அறிவித்தாகிவிட்டது. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லின் விளக்கமே நோக்கத்தில் தொங்குகிறது. பிரிட்டனின் 1953-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டமும் நோக்கத்தைத்தான் தேடுகிறது. இதற்காகப் பொய்க் காரணம் தயாரிக்கச் சொல்லவில்லை. உண்மையான வேலை இருக்கும் நாளில் கொண்டுபோங்கள், இல்லாத நாளில் வீட்டில் வையுங்கள்.

நீளம் அளக்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டன் வாயை அளக்கிறது. அமெரிக்கக் கத்தி உற்பத்தியாளர்களின் சங்கம் நுனியிலிருந்து கைப்பிடியின் முன் விளிம்பு வரை நேர்கோட்டில் அளக்கச் சொல்கிறது. டெலிகாவில் இந்த இரண்டுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். எல்லையோரக் கத்தி வாங்கும்போது பெரிய எண்ணையே கணக்கில் எடுப்பது நல்லது.

கடுமையான சட்டம் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இதே நிறுவனம் யுகே பென்நைஃப் என்று ஒன்று செய்கிறது. பெயரே எந்தச் சட்டத்தை மனதில் வைத்துச் செய்தது என்று சொல்லிவிடும். அதே வட்ட ஓட்டை, 3 அங்குலத்துக்குள் அலகு, பூட்டு மட்டும் கிடையாது. ஸ்பிரிங் இழுவிசையில் நிற்கும். பூட்டு இல்லாததால் விரல் வைக்க அலகின் அடியில் ஒரு வளைவு கொடுத்திருக்கிறார்கள். விரல் அங்கே இருக்கும்வரை அலகு மடியாது. ஆனால் குத்தும் அழுத்தத்தில் பயன்படுத்தக் கூடாது, மடிந்து விரலைக் கவ்வும். விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. சுவிஸ் கத்திகளும் பூட்டில்லாதவை. திறக்க நகம் வேண்டும், அதனால் யார் கண்ணையும் உறுத்தாது.

விமானத்தில் டெலிகாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில், அட்டையில் சுற்றி வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கிறவர் கையும் கைதான். ரயிலிலோ காரிலோ கொண்டுபோவதானால் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பூட்டு போட்ட பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஜெர்மன் சட்டம் இதை எழுத்திலேயே அனுமதிக்கிறது: பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அது 'கொண்டு திரிவது' ஆகாது. ஜிப் இழுத்த பை போதாது. ஜிப்பின் இரண்டு காதையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு மாட்ட வேண்டும்.